முடிச்சண்ணன் இறுக்கிய மூடிகள்

மழை விடாமல் பிடித்துக்கொண்ட மாதம் அது. மேற்கே போகிற ரோட்டை வெள்ளம் ஒரு பாலத்தையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் சரக்குக் கொட்டகைக்கு ஏற்றுவதற்கென்று வந்த தக்காளிப் பெட்டிகள் ஏறாமலே கிடந்தன. பழத்துக்கு ரோடு தெரியுமா, பாலம் தெரியுமா. அது பாட்டுக்குப் பழுத்துக்கொண்டே இருந்தது. கொட்டகை முழுக்கப் புளிப்பு வாசனை. சரக்குக்காரர் வந்தார், குடையை மடக்காமலே நின்று பார்த்தார். "நல்லதாப் பாத்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்கப்பா. அழுகினா அள்ளிப் போடுறதும் நீங்கதானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்தோம். எடுத்ததில் முக்கால்வாசி ஒரே வீட்டுக்குப் போனது. யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை. ஒருத்தன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான், பின்னாலேயே எல்லாரும் திரும்பினோம்.

அது முடிச்சண்ணன் வீடு. கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற அடுக்கு வீடுகளில் முதல் மாடி. எதிர்க்கதவு என்னுடையது.

லாரியில் சரக்கு ஏறினதும் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவதுதான் அண்ணனுடைய வேலையாக இருந்தது. அவர் போட்ட முடிச்சு அவிழாது. போய்ச் சேர்கிற ஊரில் இறக்குகிறவர்கள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் வசவு சொல்லி அனுப்புவார்கள். "இதைக் கட்டினவன் கை விளங்காமப் போக" என்று வந்த சேதியை அண்ணன் பதக்கம் வாங்கினவர் மாதிரிக் கேட்டுக்கொள்வார். கட்டினதோடும் விடமாட்டார். சரக்கு ஏற்றின வண்டி கொஞ்ச தூரம் போனதும் குலுங்கி அமரும். அமர்ந்தால் கயிறு தளரும். அதனால் வாசலைத் தாண்டினதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஓடிப்போய் எல்லாக் கயிற்றையும் இன்னொரு தரம் இழுத்து இறுக்குவார். மறுபிடி என்று சொல்வோம். மறுபிடி போடாமல் அவர் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை.

அந்த மனிதர் ஈரத் தார்ப்பாயில் கால் வழுக்கி, சரக்கின் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தார். உயிர் தப்பினது பெரிய காரியம். முதுகு தப்பவில்லை. "இனிமே சுமை கிமை கிடையாது. குனிஞ்சு ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு மாடி ஏறினவர் அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை. நாங்கள் வாசல் வழியாகப் போனால் ஜன்னலை விட்டு நகர்ந்துகொள்வார். உச்சியில் நின்று எங்களை அதட்டியவர், கீழே நின்று வேடிக்கை பார்க்க விரும்பவில்லை.

அவர் சம்சாரத்தைத் தெருவே தையலக்கா என்றுதான் கூப்பிடும். ஜன்னலோரம் தையல் மிஷின். தலையணை உறை, திரைச்சீலை, சட்டைக்குக் கழுத்துப்பட்டி மாற்றுவது, எல்லாம் அங்கே நடக்கும். மூட்டை தூக்குகிற எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருத்தன் தோளிலும் இருக்கிற திண்டு அக்கா தைத்ததுதான். கிழிந்த கம்பளியை மடித்து உள்ளே வைத்து, மேலே சாக்குத்துணி போட்டு, வியர்வை படுகிற பக்கம் மட்டும் மெத்தென்ற பழந்துணி வைத்திருப்பார். அதற்கு முன்னால் சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் தோலும் கூட வரும். அண்ணன் விழுந்த பிறகு அவருக்கு இடுப்புக்கு ஒரு பட்டை தைத்தார். தார்ப்பாய்த் துண்டுக்குள் மெல்லிய பலகைத் தப்பைகளைச் செருகித் தைத்தது. அதைக் கட்டிக்கொண்டால்தான் அண்ணனால் நிமிர்ந்து நடக்க முடியும்.

தையலை மட்டும் வைத்துக் குடும்பம் ஓடாது. அக்காவுக்கு இன்னொரு கைத்தொழில் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது, தக்காளியையும் பழங்களையும் கண்ணாடி பாட்டிலில் அடைத்து வருஷத்துக்கும் கெடாமல் வைக்கிற பக்குவத்தைக் கற்றிருந்தார். அப்படி அடைத்த ஒரு பாட்டிலைத் தொழிலாளர் கூட்டுறவுக் கடையம்மாவுக்குச் சும்மா கொடுத்தார். கடையம்மா அதை மாதக்கணக்காக வைத்திருந்து பிறகு திறந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, நேரே வீட்டுக்கு வந்தார்.

"கடை அலமாரியில ஒரு தட்டு உனக்கு ஒதுக்கித் தரேன். நிரந்தரமா. ஆனா முதல் தடவை குடுக்கிறதுல ஒண்ணு கெட்டிருந்தாலும் அதோட சரி. ஜனங்க வயித்து விஷயம், எனக்குத் தாட்சண்யம் கிடையாது."

அந்தத் தட்டு கிடைக்கவில்லையென்றால் வீட்டைக் காலி பண்ணிவிட்டு, தூரத்து ஊரில் இருக்கிற அக்காவின் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே துணி ஆலையில் அக்காவுக்கு வேலை உண்டு. அண்ணன் கொழுந்தியாள் வீட்டுப் பின்னறையில் நாள் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். அதைப் பற்றி இருவரும் பேசவே மாட்டார்கள். ஆனால் மூட்டை கட்டுகிற பெட்டியை அக்கா பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

தக்காளி வந்து இறங்கினதும் அக்கா பெட்டி பெட்டியாகப் பார்த்தார். ஒரு பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "நீங்கள்லாம் நல்லா இருக்கணும்பா" என்றார்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது. லாரி இல்லாததால் எனக்கும் வேலை இல்லை. அண்டாவில் தண்ணீர் நிரப்பித் தூக்கி வைப்பது என் பொறுப்பு. அண்ணனின் தங்கை கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். மழையில் துணி வருவது குறைவு என்று அவளும் மேலே வந்துவிட்டாள். அக்காவுக்கு நாத்தனார், வாய் கொஞ்சம் நீளம்.

தக்காளியைக் கொதிநீரில் முக்கி உடனே பச்சைத் தண்ணீரில் போட்டால் தோல் சுருண்டு கழன்றுவிடும். அதைத்தான் நாத்தனார் செய்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, தக்காளித் தோலு உரியறதுக்குள்ள என் தோலு உரிஞ்சுடும் போல."

"உன் நாக்கை விடவா சுடுது தண்ணி."

"என் நாக்கு சுடும், ஆனா ஆறிடும். உன்னை மாதிரி உள்ளேயே வச்சு வேக வைக்கிறவ இல்ல நான்."

"அதுக்குத்தான் பாட்டில் தொழில் எனக்கு வந்திருக்கு. பேசாம உரி."

கதவோரம் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த அண்ணன் தொண்டையைச் செருமினார். "எனக்கும் எதாச்சும் குடு. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

அக்கா யோசித்துவிட்டு எலுமிச்சம்பழங்களையும் ஒரு கிண்ணத்தையும் அவர் மடியில் வைத்தார். ஒவ்வொரு பாட்டிலுக்கும் சாறு விடவேண்டும், புளிப்பு சேர்ந்தால்தான் கெடாது. அண்ணன் பிழிந்தார். கயிறு இழுத்த கை. பழம் மூச்சு விடக்கூட நேரம் இல்லாமல் சாறு, விதை, தோலின் கசப்பு எல்லாம் ஒன்றாகக் கிண்ணத்தில் இறங்கியது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, பழத்தப் பிழியச் சொன்னாங்க. மரத்தையே பிழிஞ்சு வச்சிருக்க."

அக்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "போதுங்க. நீங்க உக்காருங்க."

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த 'உக்காருங்க' அண்ணனுக்குத் தைத்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அக்காவின் கை நின்று நான் பார்க்கவில்லை. பாட்டிலைக் கொதிநீரில் அலசி, சூட்டோடு தக்காளியைத் திணித்து, உப்பும் சாறும் விட்டு, கரண்டிக் காம்பால் குத்திக் காற்றை எடுத்துவிட்டு, வாய் விளிம்பைச் சுத்தமான துணியால் துடைப்பார். விளிம்பில் ஒரு விதை ஒட்டியிருந்தாலும் போச்சு. மேலே தட்டையான தகர மூடி, அதன் ஓரத்தில் ரப்பர். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு திருகு வளையம்.

நான் உதவிக்கு ஒரு வளையத்தைத் திருகப் போனேன்.

"முஷ்டி போடாத தம்பி. விரல் நுனியால திருப்பினாப் போதும். வேகும்போது உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும். வெளிய எடுத்து ஆறும்போது மூடி தானா உள்ள இழுத்துக் கவ்விக்கும். வளையம் சும்மா துணைக்குத்தான்."

அண்டாவின் அடியில் துண்டை மடித்துப் போட்டு, பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டோம். ஜன்னல் கண்ணாடியில் உள்ளே ஆவி, வெளியே மழை. எது எந்தப் பக்கத்து நீர் என்று தெரியாமல் வழிந்தது. ஒரு ஈடு இறக்கி அடுத்த ஈடு ஏற்றி, மத்தியானம் தாண்டும்போது மேசை முழுக்கப் பாட்டில் நின்றது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. அந்த இருட்டு நாளில் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது.

நாத்தனார் பாட்டில் தலைக்குப் போடுகிற துணித் தொப்பிகளை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அக்கா வெட்டுத்துணி மிச்சத்தில் தைத்து வைத்திருந்தவை அவை; இஸ்திரி போட வேண்டும். நான் என் அறைக்குக் கிளம்பினேன். அண்ணன் எழுந்து வந்ததைப் பார்த்துவிட்டு, அக்கா மிஷின் பலகையில் தலையைச் சாய்த்தபடியே, "மேசையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். பூனை ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த மூச்சில் தூங்கிவிட்டார்.

விழுந்த பிறகு அண்ணனிடம் யாராவது ஒப்படைத்த முதல் பொறுப்பு அது.

சாயங்காலம் டீக்காக அக்கா கதவைத் தட்டுவதற்குள் நானே போய் நின்றேன். அக்கா மேசை முன்னால் இருந்தார். ஒரு மூடியின் நடுவில் விரலை வைத்து அழுத்தினார். தகரம் அமுங்கித் திரும்பக் குதித்தது. அடுத்ததை அழுத்தினார். அதுவும் குதித்தது. அதற்கடுத்தது கல் மாதிரி நின்றது. அதற்கடுத்தது மறுபடி குதித்தது.

"ஏங்க, யாராவது வந்தாங்களா?"

"ஒரு ஈ வரல. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார் அண்ணன். குரலில் பழைய தெம்பு. "எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு மறுபிடியும் போட்டுட்டேன்."

அக்கா திரும்பினார். "என்ன போட்டீங்க?"

"மறுபிடி. நல்ல வேளை பாத்தேன். ஒண்ணொண்ணும் லூசு. கைய வச்சாச் சுத்துது. சூடு தாங்காம துண்டைப் போட்டுப் பிடிச்சு எல்லாத்தையும் இறுக்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

அக்கா மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணனுக்கு லேசாக இருந்திருக்கும். துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார், கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"என்ன, தப்பாப் போச்சா?"

"சூடு ஆறும்போதுதாங்க மூடி கவ்வும். அந்த நேரத்துல திருகினா ரப்பர் நகர்ந்து வழி விட்டுரும். காத்து உள்ள போயிரும்."

"போனா?"

"போனா கெட்டுரும்."

அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "எத்தனை போச்சு?"

"அழுத்தினாக் குதிக்கிறது போச்சு. குதிக்காதது பாதிக்கு மேல இருக்கும். ஆனா அதுவும் உங்க கையில திருகுனதுதானே. இன்னைக்கு நிக்குது. என்னைக்கு விடும்னு யாருக்குத் தெரியும்."

இஸ்திரி போட்ட தொப்பிகளைத் தாம்பாளம் மாதிரிக் கையில் ஏந்திக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "எங்கண்ணன் கை பட்டா எமனுக்கே மூச்சு முட்டும், பாட்டில் எம்மாத்திரம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தொப்பிகளைக் கீழே வைத்துவிட்டு அவளே குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லட்டா. நிக்கிறத மட்டும் கடைக்குக் குடு. குதிக்கிறத நாம தின்னு தீத்துடலாம். மேல பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. தட்டு கிடைச்சுதுன்னா அடுத்த தடவை ஒழுங்காப் போட்டுக்கலாம்ல."

அக்காவின் கண் பரணிலிருந்து இறக்கின பெட்டி மேல் போய் வந்தது. நான் கூட, நாத்தனார் சொல்வது சரிதானே என்று நினைத்தேன். அந்த வீடு காலியானால் எதிர்க்கதவில் எனக்கு யார் இருக்கிறார்கள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் எனக்கு வாயில் தண்ணீர் விட்டது அக்காவின் கைதான்.

அண்ணன்தான் பேசினார். "ஒரு கயித்து மேல சந்தேகம் வந்துட்டா, மத்த கயிறெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நான் வண்டிய விட்டிருக்கேனா?"

"இது கயிறு இல்லண்ணே, தக்காளி."

"கயிறு விட்டா ரோட்டுல போறவன் தலையில விழும். இது விட்டா திங்கிறவன் வயித்துல விழும். எல்லாம் ஒண்ணுதான்." அக்கா பக்கம் திரும்பினார். "இறக்கிடு. எல்லாத்தையும் இறக்கிட்டு மறுபடி கட்டு."

"திரும்ப வேக வைக்கலாங்க. இன்னைக்கே செஞ்சா ஒண்ணும் ஆகாது. ஆனா மூடி இல்ல. வளையம் திரும்ப ஆகும். தகர மூடி ஒரு தடவைக்குத்தான்."

"மூடி எங்க கிடைக்கும்?"

"கடையம்மாகிட்டதான் இருக்கும்."

மூடி கேட்டால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொன்னால் முதல் தடவையே கெட்டது தெரிந்துவிடும்.

"நான் போய்ட்டு வரேன்" என்றேன்.

"நீ போயி என்ன சொல்லுவ?" என்றார் அண்ணன்.

"மூடி வேணும்னு சொல்லுவேன்."

"எதுக்குன்னு கேட்டா முழிப்ப. முழிக்கிறவன அனுப்பினா அவ செஞ்சது தப்புன்னு ஆயிரும். நான் போறேன்."

அக்கா அவரையே பார்த்தார். மழை. படிக்கட்டு. கொட்டகையைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த இடுப்புப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்து, கணவன் முதுகுப் பக்கம் நின்று கட்ட ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார் அண்ணன்.

"இதுக்கு வேணா இறுக்கிக்கலாம்" என்றார் அக்கா. அப்போதுதான் அண்ணன் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

ஒவ்வொரு படியாக இறங்கினோம். நான் முன்னால் போனேன், அவர் கை என் தோள் திண்டில். கீழே வந்ததும் கையை எடுத்துவிட்டார். கொட்டகைக் கூரையடியில் எங்கள் கூட்டம் வேலை இல்லாமல் குந்தியிருந்தது. கூட்டத்தில் மூத்தவர், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"யோவ் முடிச்சு. கீழ இறங்க வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரியும். உங்க மூஞ்சியெல்லாம் பாக்கணுமேன்னுதான் யோசனை."

"நாங்க மட்டும் உன் அழகப் பாக்கவா பெட்டி பெட்டியாத் தூக்கிட்டு வந்தோம்?"

"அதத்தான் கெடுத்து வச்சிருக்கேன். வந்து சொல்றேன் இரு."

கடையில் கூட்டம் இல்லை. கடையம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நனைந்து நின்ற அண்ணனுக்கு ஸ்டூலைத் தள்ளினார்.

"உக்காருங்க."

"நிக்கிறேன்மா. உக்காந்து உக்காந்துதான் இந்தக் கதி."

"நாளன்னைக்குப் பாட்டில் வரும்னு உங்க வீட்டுல சொன்னாங்களே."

"அது விஷயமாத்தான் வந்தேன். கெட்டுப்போச்சு."

"தக்காளியா?"

"தக்காளி தங்கம். அவ செஞ்சதும் சரியாத்தான் செஞ்சா. அவ கண்ணசந்த நேரத்துல நான் எல்லா மூடியையும் இறுக்கிட்டேன்." காற்றில் திருகிக் காட்டினார். வண்டி அமர்வது, கயிறு தளர்வது, மறுபிடி எல்லாவற்றையும் சொன்னார். கடையம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாமே விட்டுருச்சா?"

"பாதிக்கு மேல நிக்குதுங்கிறா."

"அப்ப நிக்கிறத எடுத்துட்டு வந்திருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப் போகுது?"

"உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல."

கடையம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி அவரை நன்றாகப் பார்த்தார். உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். பெட்டியை என்னிடம் கொடுக்காமல் அண்ணன் கையில் கொடுத்தார். தகர மூடிகள்தான், கனமே இல்லை.

"நான் வந்து ஒண்ணொண்ணாப் பாத்துத்தான் எடுப்பேன். அதுல மாத்தம் கிடையாது."

"பாருங்கம்மா. பாக்கணும்."

திரும்பி வரும்போது கூட்டமும் கூடவே மாடி ஏறிவிட்டது. அந்தச் சின்ன வீட்டில் நிற்க இடம் இல்லை. பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "தொறக்கிறதுதானே முதல் வேலை. கொண்டா இங்க" என்று ஒரு பாட்டிலை எடுத்தார். திருகினார். பல்லைக் கடித்துத் திருகினார். பாட்டில் அசையவில்லை, அவர்தான் ஒரு பக்கமாகச் சுற்றினார். இன்னொருத்தன் வாங்கினான். மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுகிறவன். தொடைக்கு நடுவில் வைத்துத் திருகிவிட்டு, "இது மூடி இல்ல, வெல்டிங்கு" என்று திருப்பிக் கொடுத்தான். நான் பார்த்தேன், என் உள்ளங்கைத் தோல்தான் வழண்டது.

"வெளியூர்க்காரன் ஏன் வஞ்சான்னு இப்பத்தான்யா புரியுது" என்றார் பெரியவர்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். "கட்டினவரே அவிழ்க்கட்டும்."

அண்ணன் உட்கார்ந்தார். பாட்டிலை மடியில் வைத்து, துண்டைச் சுற்றி, லேசாக ஒரு திருப்பு. கழன்றது. அடுத்தது. நாங்கள் ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட அவர் அவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொட்டகையில் உச்சியில் நின்றபோது எங்களை எப்படி வேலை வாங்குவாரோ அதே மாதிரி வாங்கினார். "பராக்குப் பாக்காத. அடுத்தது. உலர்ந்த துணியால பிடி. ஏண்டா, கைய கழுவினியா?"

அக்கா தக்காளியைச் சூடு பண்ண, நாத்தனார் கீழிருந்து கரி அடுப்பையும் கொண்டுவந்து படிக்கட்டு வளைவில் மூட்ட, இரண்டு அண்டாவில் வேலை ஓடியது. ஒருத்தன் பாட்டில் அலசினான். ஒருத்தன் விளிம்பு துடைத்தான். துடைத்ததை அக்கா மறுபடி துடைத்தார். வளையத்தைத் திருகுகிற வேலையை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பாட்டிலில் அடங்காமல் மிஞ்சின தக்காளியில் உப்பும் மிளகும் போட்டுச் சுண்டவைத்து, ரொட்டியைப் பிட்டு ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். நின்றுகொண்டே தின்றோம். மழையில் ஊறிய எலும்புக்குள் அந்தச் சூடு இறங்கியதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். எத்தனையோ ஊரில் எத்தனையோ தட்டில் தின்றிருக்கிறேன். அப்படி ஒரு வாய் அமையவில்லை.

"நீங்கள்லாம் இல்லேன்னா என் பாடு என்ன ஆகியிருக்கும்" என்று அக்கா ஆரம்பித்தார்.

"அக்கா, இந்தத் தோள்ல இன்னும் தோலு இருக்குதுன்னா அது நீ தச்ச திண்டு. பேசாம ரொட்டியப் போடு" என்றார் பெரியவர்.

இருட்டுகிற நேரத்துக்குப் பாட்டில்கள் எல்லாம் திரும்ப மேசைக்கு வந்துவிட்டன. அக்காவுக்கு நிற்கக்கூட முடியவில்லை. உள்ளறைக்குப் போகத் திரும்பியவர் அண்ணனைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம்.

"மேசையப் பாத்துக்குங்க" என்றார்.

அதே வார்த்தைதான். அண்ணன் தலையை ஆட்டினார். நாற்காலியை மேசைக்கு எட்டடி தள்ளிப் போட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். விடைபெறப் போன பெரியவர் சும்மா ஒரு பாட்டிலின் கழுத்தைத் தொட்டதற்கு, "கைய எடு, மனுசனா நீ" என்று ஒரு அதட்டல். பெரியவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினார்.

கடையம்மா சொன்னபடி வந்தார். மழை நின்றிருந்தது. பாலத்துக்குப் பலகை போட்டுவிட்டார்கள் என்று காலையிலேயே கொட்டகைக்குச் சேதி வந்திருந்தது. ஆனாலும் வேலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு நான் அங்கேதான் நின்றேன். நாத்தனார் கதவில் சாய்ந்திருந்தாள். அக்கா மிஷினில் எதையோ தைப்பது போல உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் இல்லை.

கடையம்மா ஒவ்வொரு மூடியையும் நடுவில் அழுத்தினார். ஒன்றும் குதிக்கவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து, "இது போதாது" என்றார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"வளையத்தக் கழட்டிட்டு, வெறும் தகர மூடிய விரல் நுனியால பிடிச்சுப் பாட்டிலத் தூக்கணும். உண்மையாவே கவ்வியிருந்தா நிக்கும். இல்லேன்னா இங்கயே தெரிஞ்சுரும்." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க தூக்குங்க."

"ஐயோ, அவரு எதையும் தூக்கக் கூடாதும்மா. டாக்டர் அப்பவே..." என்று நாத்தனார் முன்னால் வந்தாள்.

"பாட்டில்தானே" என்றார் கடையம்மா.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையருகே வந்து, கால்களை அகட்டி நின்றுகொண்டார். சுமைக்குக் கீழே போகும்போது நிற்கிற நிற்பு. முதல் பாட்டிலின் வளையத்தை இரண்டே விரலால் சுழற்றி எடுத்தார். தகர மூடி மட்டும் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தை விரல் நுனிகளால் கவ்வினார். மூச்சை இழுத்துக்கொண்டார். தூக்கினார்.

பாட்டில் மேசையை விட்டு எழும்பியது. உள்ளே தக்காளி லேசாக ஆடி அமர்ந்தது. அக்கா எப்போது பக்கத்தில் வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. விழுந்தால் பிடிப்பதற்காகப் பாட்டிலுக்கு அடியில், தொடாமல், இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்திருந்தார். நான் மனசுக்குள் இருபது எண்ணலாம் என்று நினைத்து, எண்ண மறந்துவிட்டேன்.

"போதும், வைங்க" என்றார் கடையம்மா.

அண்ணன் வைக்கவில்லை. அவர் கை நடுங்கவே இல்லை. எவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்கியபோதும் அவர் முகத்தில் அந்த மாதிரிக் கவனத்தை நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, சத்தமே வராமல், பாட்டிலை இறக்கி வைத்தார்.

கடையம்மா தன் பையைத் திறந்து அட்டைப் பெட்டியை விரித்தார். முதல் பாட்டில் அதற்குள் போனது.

"அடுத்தது" என்றார்.

அண்ணன் அடுத்ததன் வளையத்தைக் கழற்றி, தகர மூடியைப் பிடித்துத் தூக்கினார். இந்தத் தடவை அக்கா கையை நீட்டவில்லை. மேசையிலிருந்து ஒரு துணித் தொப்பியை எடுத்துச் சுருக்கத்தை நீவிக்கொண்டு, அவர் இறக்கி வைப்பதற்காகக் காத்து நின்றார்.